ஹால் டிக்கெட்டில் எட்டு

கேள்வி: ஐயா, வணக்கம். திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டு அரசுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் பஸ் ஏறி மதுரைக்குப் போய், நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். போன வாரம் ஹால் டிக்கெட் வந்தது. பதிவு எண் 25220483. என் தாயார் அதைக் கூட்டிப் பார்த்தார். 26 வந்தது, அதையும் கூட்டினால் 8. "எட்டு சனியோட நம்பராச்சே" என்று அன்றிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். நியூமராலஜி பார்க்கிற ஒருவரிடம் கேட்டோம். மகளின் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூடுதலாகச் சேர்த்து, தேர்வு அறையிலும் அப்படியே கையெழுத்துப் போட்டால் தோஷம் கழியும் என்கிறார். மகள் இதையெல்லாம் காதில் வாங்குவதே இல்லை. "அந்த நம்பர் பகா எண்ணா இல்லையான்னு மட்டும் யாராவது சொல்லுங்க" என்கிறாள். நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்தாளாம், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரில் ஒரு எழுத்தும் சேர்க்க வேண்டாம், கையெழுத்தையும் மாற்ற வேண்டாம். விண்ணப்பம், மதிப்பெண் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். தேர்வு அறையில் போடுகிற கையெழுத்து, விண்ணப்பத்தோடு ஏற்றிய கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெயரை மாற்றத்தான் வேண்டும் என்றால் அரசிதழில் வெளியிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு சான்றிதழாகத் திருத்தி வர வேண்டும். தேர்வு நாளன்று புதிதாக ஒரு 'ஏ' போட்டால் எட்டு என்ன செய்யுமோ தெரியாது, சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த 'ஏ' வேலையைக் காட்டிவிடும். சொன்னவருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

சரி, இனி எண்ணைப் பார்ப்போம்.

உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். 2,52,20,483 அப்படிப்பட்டது இல்லை. அது 5021 × 5023. இந்த இரண்டும் பகா எண்கள். நடுவில் 5022 ஒன்றை விட்டு அடுத்தடுத்து நிற்பவை. இப்படி இரண்டே வித்தியாசத்தில் நிற்கும் ஜோடியை இரட்டைப் பகா எண்கள் என்போம். 11-ம் 13-ம் அப்படி, 17-ம் 19-ம் அப்படி, 29-ம் 31-ம் அப்படி. எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்த ஜோடிகள் அரிதாகிக்கொண்டே போகும். தாறுமாறாக வந்து விழுந்த ஒரு பதிவு எண், ஒரு ஜோடியைப் பெருக்கிய தொகையாகவே அமைந்துவிட்டது என்றால், எண்ணியல் பாடம் எடுத்தவன் யாரும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வான்.

உங்கள் தாயாரைப் பயமுறுத்துகிற அந்த எட்டும் இந்த ஜோடி வழியாகத்தான் வந்தது. அதற்கு வருவதற்கு முன்னால், இலக்கங்களைக் கூட்டும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கடையில் 483 சோப்பு இருக்கிறது, பெட்டிக்கு ஒன்பது என்று அடுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நூறிலும் 99 சோப்பு முழுப் பெட்டிகளாகப் போய்விடும், ஒன்று மிஞ்சும். நாலு நூறில் நாலு மிஞ்சும். ஒவ்வொரு பத்திலும் ஒன்பது போய் ஒன்று மிஞ்சும், எட்டுப் பத்தில் எட்டு. அதோடு சில்லறை மூன்று. மிஞ்சியது 4+8+3 = 15. அதில் இன்னும் ஒரு பெட்டி போடலாம், கடைசியில் மீதி 6. இலக்கங்களைக் கூட்டி, அதையும் கூட்டி, ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவது என்றால் ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பதுதான். ஒன்பது வந்தால் மீதி இல்லை என்று பொருள். 2,52,20,483-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 8. உங்கள் தாயார் கண்டுபிடித்தது இவ்வளவுதான். கணக்கில் தப்பில்லை. ஒரு எண்ணின் ஜாதகத்தில் ஒரு வரியை மட்டும் படித்திருக்கிறார்.

ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு வருகிற எண் ஒன்பதுக்கு ஒன்று உண்டு. அடுத்தடுத்த ஒன்பது பதிவு எண்களை எடுத்தால், அதில் ஒன்று கட்டாயம் எட்டு. இருபது பேர் உட்காரும் தேர்வு அறையில் எண்கள் வரிசையாக இருந்தால் குறைந்தது இரண்டு பேருக்கு எட்டுதான். ஒன்பது லட்சம் பேர் வரிசை எண்ணோடு எழுதினால் ஒரு லட்சம் பேர் எட்டு. தேர்ச்சி பெற்றவர்களின் பதிவு எண்களைப் பட்டியலாக வெளியிடுவார்கள் இல்லையா, பழைய பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே கூட்டிப் பாருங்கள். எட்டு வந்தவர்கள் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு இருப்பார்கள். இதை உங்கள் தாயாரை உட்கார வைத்து அவர் கையாலேயே கூட்டச் சொன்னால் இன்னும் நல்லது. நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது வேலை செய்யும்.

இன்னொன்று. இந்த எட்டு அந்த எண்ணின் சொத்தும் கிடையாது. நமக்குப் பத்து விரல், பத்துப் பத்தாக எண்ணுகிறோம், அதனால் கூட்டல் ஒன்பதைப் பற்றிப் பேசுகிறது. எட்டு விரலோடு பிறந்திருந்தால் எட்டு எட்டாக எண்ணியிருப்போம். அப்போது இதே தொகையை 140152603 என்று எழுதியிருப்போம். அந்த முறையில் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே வந்தால் கிடைப்பது ஏழால் வகுத்த மீதி. நம் எண்ணுக்கு அது 1. ஒன்று சூரியன், ராஜயோகம் என்று அதே நியூமராலஜிக்காரர் சொல்லியிருப்பார். தொகை மாறவில்லை, தேர்வு மாறவில்லை, உங்கள் மகளும் மாறவில்லை. எழுதும் முறை மட்டும் மாறியது, சனி போய்ச் சூரியன் வந்தாயிற்று.

அதற்காகக் கூட்டிப் பார்ப்பது வீண் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு எழுதுகிற உங்களுக்கு அதில் நல்ல பயன் இருக்கிறது. பெருக்கலைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. 5021-ஐக் கூட்டினால் 8, 5023-ஐக் கூட்டினால் 10, அதாவது 1. எட்டையும் ஒன்றையும் பெருக்கினால் 8. விடையைக் கூட்டினாலும் 8. பொருந்துகிறது. பொருந்தாமல் போனால் பெருக்கலில் எங்கோ தவறு என்பது நிச்சயம். பொருந்தினால் மட்டும் நிச்சயம் சொல்ல முடியாது. ஏனென்றால் 483-ஐ 438 என்று மாற்றிப் போட்டாலும் கூட்டல் ஒன்றுதான். ஆனால் அந்தக் குறையே வேறொரு இடத்தில் கை கொடுக்கும். ராத்திரி கடை மூடும்போது கல்லாவும் கணக்கும் டேலி ஆகவில்லை, வித்தியாசம் 45 ரூபாய் என்று வையுங்கள். 45 ஒன்பதால் வகுபடுகிறது. எங்கேயோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்க நல்ல வாய்ப்பு. 483, 438 என்கிற மாதிரிப் பதிவைத்தான் முதலில் தேட வேண்டும். அனுபவப்பட்ட கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இனி உங்கள் மகளுக்கு.

நூறு வரை வகுத்துப் பார்த்தது நல்ல தொடக்கம், ஆனால் போதாது. ஒரு எண் பகா எண்தானா என்று வகுத்துத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் வர்க்கமூலம் வரை போக வேண்டும். இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் 5022-க்கு மயிரிழை குறைவு. எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை, பகா எண்களால் வகுத்தால் போதும். 5000 வரை 669 பகா எண்கள் இருக்கின்றன. அதற்கு மேல் 5003, 5009, 5011, பிறகுதான் 5021. அதாவது 672 முறை வகுத்து, 672 முறையும் ஏமாந்து, 673-ஆவது முறைதான் மீதியில்லாமல் போகும். ஒரு வகுத்தலுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலே பதினோரு மணி நேரத்துக்கு மேல். தேர்வுக்குப் படிக்கிற பெண் இதைச் செய்யாமல் நிறுத்தியது புத்திசாலித்தனம். கிட்டத்தட்ட அங்கே வரை போய்விட்டு, "சரி, இது பகா எண்தான்" என்று மூடி வைக்கத் தோன்றுகிற எண் இது.

குறுக்கு வழி ஒன்று உண்டு. பிரான்சில் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் வேலை பார்த்த பியர் தெ ஃபெர்மா என்பவருடையது. கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. 1643 வாக்கில் எழுதிய ஒரு கடிதத்தில் 2,02,76,51,281 என்ற எண்ணை 44,021 × 46,061 என்று உடைத்துக் காட்டினார். கால்குலேட்டர் இல்லாத காலம். அவர் கண்ட விஷயம் எளிமையானது. ஓர் ஒற்றைப்படை எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத முடியும் என்றால், அதை ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்த தொகையாகவும் எழுத முடியும். பள்ளிக்கூடத்தில் படித்த (அ+ஆ)(அ−ஆ) சமன்பாடுதான். அதனால் எண்ணுக்குச் சற்று மேலே இருக்கும் முழு வர்க்கத்தைப் பிடி, அதிலிருந்து எண்ணைக் கழி, மிச்சமும் ஒரு வர்க்கமா என்று பார். இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போ. தன்னுடைய எண்ணுக்கு அவர் 45,030-இல் தொடங்கி 45,041 வரை போக வேண்டியிருந்தது.

நம் எண்ணுக்கு இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 5000-இன் வர்க்கம் 2,50,00,000. நம் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் 2,20,483. 5000-க்கு மேல் ஒன்று கூட்டினால் வர்க்கம் ஏறத்தாழ பத்தாயிரம் ஏறும். அப்படியானால் 22 கூட்டிப் பார்ப்போம். 22 பத்தாயிரம் 2,20,000. 22-இன் வர்க்கம் 484. ஆக 5022-இன் வர்க்கம் 2,52,20,484. நம் எண் 2,52,20,483. வித்தியாசம் ஒன்று. ஒன்றும் ஒரு வர்க்கம்தானே! முதல் அடியிலேயே விடை வந்துவிட்டது. 5022-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 5021, ஒன்றைக் கூட்டினால் 5023. பதினோரு மணி நேர வேலை மூன்று வரியில் முடிந்தது.

5021-ம் 5023-ம் பகா எண்கள் என்று நான் சொல்வதை நம்ப வேண்டாம், மகள் சரிபார்க்கட்டும். 71-இன் வர்க்கம் 5041, ஆகவே 67 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். மொத்தம் 19. இரண்டுக்கும் தனித்தனியாக வகுக்க வேண்டியதில்லை. 5021-க்கு வந்த மீதியோடு இரண்டைக் கூட்டினால் 5023-இன் மீதி. 31-இடம் வரும்போது கொஞ்சம் கவனம். 5021-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 30, 5023-ஐ வகுத்தால் மீதி 1. நடுவில் நிற்கும் 5022 சரியாக 31 × 162. இருபுறமும் ஒரு நூல் இடைவெளியில் தப்பியிருக்கின்றன.

இப்போது எட்டின் கதைக்கு வரலாம். இரட்டைப் பகா எண்களில் 3, 5 ஜோடியை மட்டும் விட்டுவிடுங்கள். மற்ற எந்த ஜோடியை எடுத்தாலும், நடுவில் நிற்கும் எண் இரட்டைப்படை. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று மூன்றால் வகுபட்டே தீர வேண்டும். ஓரங்களில் நிற்பவை பகா எண்கள், அவை வகுபடாது. அப்படியானால் வகுபடுவது நடு எண்தான். நடு எண் மூன்றால் வகுபட்டால் அதன் வர்க்கம் ஒன்பதால் வகுபடும். ஜோடியைப் பெருக்கினால் வருவது அந்த வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. ஒன்பதால் வகுபடுகிற எண்ணுக்கு ஒன்று குறைந்தால் மீதி எட்டு. வேறு எதுவும் வரவே முடியாது.

சோதித்துப் பாருங்கள். 5 × 7 = 35, கூட்டினால் 8. 11 × 13 = 143, கூட்டினால் 8. 17 × 19 = 323, அதுவும் 8. 29 × 31 = 899, கூட்டினால் 26, மறுபடி 8. 26 என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் மகளின் எண்ணுக்கு வந்த அதே கூட்டுத்தொகை. எங்கே போனாலும், எத்தனை கோடியைத் தாண்டினாலும், இந்த ஜோடிகளின் பெருக்கல் எட்டைத்தான் தரும். உங்கள் வீட்டில் தோஷம் என்று பேர் வாங்கிய எட்டு, கணக்கில் அந்த எண்ணின் அங்க அடையாளம். (எட்டு வருகிற எண்ணெல்லாம் இப்படி இருக்கும் என்று திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. 17 எட்டு, அது பகா எண். 44 எட்டு, அது 4 × 11.)

இந்த எண்ணின் மற்றச் சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். இதற்குக் காரணிகள் நான்கே நான்கு: 1, 5021, 5023, அப்புறம் அதுவே. இரண்டு வர்க்கங்களைக் கூட்டி இந்த எண்ணைக் கொண்டுவரவே முடியாது, ஏனென்றால் நாலால் வகுத்தால் மீதி மூன்று. அப்படிப்பட்ட எண் எதற்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. வர்க்கங்களைக் கழித்துக் கொண்டுவர இரண்டே வழி. ஒன்று மேலே பார்த்தது, இன்னொன்று 1,26,10,242-இன் வர்க்கத்திலிருந்து 1,26,10,241-இன் வர்க்கத்தைக் கழிப்பது.

பக்கத்து எண்ணைப் பாருங்கள். 25220484 என்ற பதிவு எண்ணோடு ஒரு பிள்ளை அநேகமாக உங்கள் மகளுக்கு அடுத்த பெஞ்சில் உட்காரும். அது முழு வர்க்கம். 5022-ஐ உடைத்தால் 2 × 81 × 31. அதனால் அந்த எண்ணுக்கு 81 காரணிகள். ஒன்றே ஒன்று தள்ளி நிற்கும் நம் எண்ணுக்கு நான்கு. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் குணமும் ஒத்துப்போகும் என்பதெல்லாம் இல்லை. இந்தப் பக்கம் காரணிகள் குறைந்த எண்ணை எல்லாரும் தேடிக்கொண்டிருந்தபோது, காரணிகள் மிக அதிகமாக இருக்கும் எண்களைத் தேடிப் போனவர் நம் ராமானுஜன். 1915-இல் அதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உங்கள் மகளின் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே, 2,16,21,600 என்று அந்த வகை எண் ஒன்று இருக்கிறது. அதற்கு 576 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது.

இதெல்லாம் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கடையில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறார்களே, இணையத்தில் அப்படிப் போகிற தகவலைப் பூட்டி வைக்கப் பல காலமாகப் பயன்படும் ஒரு முறை, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் கண்டுபிடித்தது. பெருக்கிய தொகை ஊருக்கே தெரியலாம். உடைத்தால் வரும் இரண்டு எண்கள்தான் சாவி. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் என்பதால் உடைக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஒரு எண் பகா எண்தானா என்று மட்டும் சொல்வது அவ்வளவு கடினம் இல்லை. அதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத, வேகமான வழி உண்டு என்று 2002-இல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும். உடைப்பதுதான் கஷ்டம்.

ஆனால் நம் எண்ணைப் போல இரண்டு பகா எண்களும் ஒட்டிக்கொண்டு நின்றால், எத்தனை இலக்கம் இருந்தாலும் ஃபெர்மாவின் வழியில் நொடியில் உடைந்துவிடும். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022-இல் சில பிரிண்டர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட சாவிகளில் இரண்டு பகா எண்களும் மிக நெருக்கமாக இருந்தது தெரிய வந்தது. 1643-ஆம் ஆண்டுக் கடிதத்தில் இருந்த வழி அவற்றைத் திறந்துவிட்டது. ஆக, பூட்டுக்கு உங்கள் மகளின் எண் லாயக்கில்லை. அதன் ஒரே கெட்ட குணம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

இரட்டைப் பகா எண்களைப் பற்றி இன்றுவரை தீராத கேள்வி ஒன்று உண்டு. இந்த ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா, எங்காவது நின்றுவிடுமா? இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், நிரூபணம் இல்லை. 2013-இல் அமெரிக்காவில் இட்டாங் ஜாங் என்ற, அதுவரை பெயர் வெளியே தெரியாத ஓர் ஆசிரியர், ஏழு கோடிக்குள் வித்தியாசம் உள்ள பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வரும் என்று நிரூபித்தார். கல்லூரியில் நிலையான வேலை கிடைக்காத நாட்களில் ஒரு நண்பருடைய சாண்ட்விச் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு என்று கேட்டால் ஏழு கோடி என்கிறாரே என்று சிரிக்க வேண்டாம். அதுவரை எந்த எல்லையும் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. அடுத்த ஆண்டுக்குள் பலர் சேர்ந்து அந்த ஏழு கோடியை 246-க்கு இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டுக்கு இறங்கத்தான் முடியவில்லை.

இந்த ஜோடிகள் ஒரு பெரிய கம்பெனியையே ஆட்டியும் இருக்கின்றன. 1919-இல் விகோ புரூன் என்ற நார்வேக்காரர், ஒவ்வொரு ஜோடியின் தலைகீழிகளையும் (1/3, 1/5, மறுபடி 1/5, 1/7, 1/11, 1/13 என்று) கூட்டிக்கொண்டே போனால் தொகை ஓர் எல்லையைத் தாண்டாது என்று காட்டினார். அந்தத் தொகை சுமார் 1.902. 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதைக் கம்ப்யூட்டரில் துல்லியமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். விடை ஒத்துவரவில்லை. தன் கணக்கைத் தேடிப் பார்த்து, நிரலைத் தேடிப் பார்த்து, கடைசியில் 824633702441, 824633702443 என்ற ஜோடியில் வந்து நின்றார். தப்பு அவருடையது இல்லை. இன்டெல் கம்பெனியின் பென்டியம் சிப் வகுத்தலைத் தப்பாகச் செய்துகொண்டிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனி அதற்காகக் கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர். அந்த ஜோடியின் பெருக்கலையும் கூட்டினால் எட்டுதான். இது நியூமராலஜிக்காரர் கையில் கிடைத்தால் அவருக்குச் சாதகமாகப் போய்விடும், சொல்லாமல் விடுங்கள்.

எண்ணில் எதையும் பார்க்க முடியும், அதுதான் தொல்லை. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பது 985 தூண்கள். 985 என்பது 12-இன் வர்க்கத்தையும் 29-இன் வர்க்கத்தையும் கூட்டிய தொகை. 16, 27 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே 985. 1393-ஐ 985-ஆல் வகுத்தால் இரண்டின் வர்க்கமூலம் ஐந்து தசம இடம் வரை சரியாக வரும். 1393-இன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால், 985-இன் வர்க்கத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. போட்டுப் பாருங்கள், பிரமாதமாக இருக்கும். இதை வைத்து, மண்டபத்தைக் கட்டியவர்கள் வர்க்கமூலத்தைத் தூணில் ஒளித்துவைத்தார்கள் என்று ஒரு காணொளி போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்கள். ஆனால் சன்னதிகளுக்கு இடம் விட்டது போக நின்ற தூண்கள் அவை. 985 என்ற எண்ணின் குணங்கள் அந்த மண்டபம் எழும்புவதற்கு முன்னும் இருந்தன, மண்டபம் இல்லாவிட்டாலும் இருக்கும். உங்கள் மகளின் எண்ணும் அப்படியே. 5021-ம் 5023-ம் பெருக்கினால் வருவது, அது ஹால் டிக்கெட்டில் அச்சானாலும் சரி, உங்கள் கடையில் மல்லி மூட்டையில் அச்சானாலும் சரி. அதை அவள் கையில் கொடுத்தது தேர்வாணையத்தின் கம்ப்யூட்டர், அதுவும் வரிசைப்படி.

உங்கள் தாயாரிடம் இதில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். வயதான மனம், பேத்தி மேல் உள்ள பாசத்தில் பயப்படுகிறது. சனிக்கிழமை கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றி வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பெயரில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்து, அடையாள அட்டையோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். தேர்வு மையம் மதுரைக்குள் என்றால் முந்தின நாளே ஒருமுறை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். திருமங்கலத்திலிருந்து காலையில் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, அங்கே நின்று விசாரித்துக்கொண்டிருப்பது வேண்டாம்.

மகளுக்கு ஒரு கணக்கு. 3, 5, 7 என்று மூன்று பகா எண்கள் இரண்டிரண்டு வித்தியாசத்தில் வரிசையாக நிற்கின்றன. இதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் இப்படி மூன்று சேர்ந்து நிற்கவே நிற்காது. ஏன்? நடு எண்ணைப் பற்றி மேலே சொன்னதிலேயே வழி இருக்கிறது. தேர்வை எழுதி முடித்துவிட்டு யோசிக்கட்டும், அதுவரை வேண்டாம்.